முதலிடம் யாருடைய செவி? 1960களின் அமெரிக்க சோல் பாடல்களும் தரவரிசைப் பட்டியலும்

ஆய்வுச் சுருக்கம்

1960களில் அமெரிக்காவில் புகழ்பெற்ற சோல் பாடல்களைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் ‘பில்போர்டு’ இதழின் தரவரிசைப் பட்டியலை மக்கள் விருப்பத்தின் நேரடிச் சான்றாகக் கொள்கின்றன. அப்பட்டியல் நடுநிலையான கணக்கேடு அன்று என்றும், எந்தப் பாடல் எவருக்குரியது என்று பிரித்துக்காட்டிய ஒரு பனுவல் என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது. பட்டியல் நிறுத்தப்பட்ட இடைவெளி, ஒரே பாடலின் வெவ்வேறு வடிவங்கள், முதலிடம் எட்டாத ஒரு பாடல் ஆகியன சான்றுகளாகின்றன. பாடலுக்குள் பேசுவது யார் என்பதை ஆராயத் தமிழ் அக மரபின் ‘கூற்று’ என்னும் கருத்தாக்கம் பயன்படுத்தப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சோல் இசை, மோடவுன், தரவரிசைப் பட்டியல், கூற்று, அரீதா ஃபிராங்க்ளின், சாம் குக்

பட்டியல் என்னும் பனுவல்

வெகுசனப் பாடல்களை ஆராய முற்படுவோருக்கு முதலில் கைக்குக் கிடைப்பது பட்டியலே. எந்தப் பாடல் எத்தனை வாரம் முதலிடத்தில் இருந்தது என்பது எண்ணாக இருப்பதால் ஐயத்திற்கு அப்பாற்பட்டதாகத் தோன்றுகிறது. ‘அக்கால மக்கள் இதையே விரும்பினர்’ என்ற முடிவுக்கு அங்கிருந்து ஓரடிதான். அந்த ஓரடியை எடுத்துவைக்கும் முன் நின்று பார்க்க வேண்டும்.

பில்போர்டு இதழ் 1958 ஆகஸ்டில் ‘ஹாட் 100’ பட்டியலைத் தொடங்கியது. கடைகளில் இசைத்தட்டு விற்பனை, வானொலியில் ஒலிபரப்பு ஆகிய இரண்டையும் இணைத்து வாரந்தோறும் நூறு பாடல்களை அது வரிசைப்படுத்தியது. இங்கு விற்பனை என்பது எண்ணப்பட்ட விற்பனை அன்று. எந்தத் தட்டு நன்கு விற்கிறது என்று கடைக்காரர்கள் தெரிவித்த தகவலே அடிப்படை. பட்டைக்குறியீட்டைக் கொண்டு உண்மை விற்பனையை எண்ணும் முறை 1991இல்தான் வந்தது. ஆகவே 1960களின் முதலிடம் என்பது பலரது மதிப்பீடுகளின் தொகுப்பு.

அதற்கும் முன்பே கறுப்பின மக்கள் கேட்கும் பாடல்களுக்கெனத் தனிப்பட்டியல் இருந்தது. 1942இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியின் பெயரைத் தாங்கி அது தொடங்கியது. பின்னர் வெளிப்படையாக ‘இனத் தட்டுகள்’ என்றும், 1949 முதல் ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’ என்றும், 1969இல் ‘சோல்’ என்றும் பெயர் மாறியது. பெயர்கள் இசையைச் சுட்டுவனபோல் ஒலித்தாலும் பட்டியல் அளந்தது இசை வகையை அன்று. கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளின் கடைகளும் அவர்களுக்கான வானொலி நிலையங்களும் தந்த தகவலையே அது அளந்தது. பாடலின் இயல்பைக் குறிப்பதாகத் தோன்றிய சொல் உண்மையில் கேட்பவரின் முகவரியைக் குறித்தது. சோல் பற்றிய திறனாய்வில் நேரும் குழப்பங்கள் பலவற்றுக்கும் வேர் இதுவே என்பது என் கருத்து.

பதினான்கு மாத வெற்றிடம்

1963 நவம்பர் இறுதியில் பில்போர்டு இந்த ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலை நிறுத்தியது. 1965 சனவரி இறுதியில் மீண்டும் தொடங்கியது. இரு பட்டியல்களும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன என்பதே நிறுத்தத்திற்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம். அதற்குச் சான்றும் உண்டு. 1963இல் லெஸ்லி கோர் பாடிய ‘இட்ஸ் மை பார்ட்டி’ இரு பட்டியல்களிலும் முதலிடம் பெற்றது. நிறுத்தத்திற்கு முன் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலின் கடைசி முதலிடப் பாடல் ஜிம்மி கில்மரும் ஃபயர்பால்ஸ் குழுவும் பாடிய ‘சுகர் ஷாக்’. இவர்கள் அனைவரும் வெள்ளையர்.

பட்டியல் திரும்பி வந்தபோது அதன் முதலிடத்தில் இருந்தது டெம்ப்டேஷன்ஸ் குழுவின் ‘மை கேர்ள்’. இவ்விரு பாடல்களுக்கும் இடையில் மோடவுன் நிறுவனத்தின் எழுச்சி முழுவதும் அடங்கிவிடுகிறது. மேரி வெல்ஸின் ‘மை கய்’, சுப்ரீம்ஸ் குழுவின் தொடக்கக்கால முதலிடப் பாடல்கள், இரண்டாம் இடம் வரை சென்ற மார்த்தாவும் வாண்டெல்லாஸும் பாடிய ‘டான்சிங் இன் த ஸ்ட்ரீட்’ ஆகிய எல்லாம் 1964க்கு உரியவை. அதே ஆண்டில்தான் பீட்டில்ஸ் அமெரிக்கப் பட்டியலைக் கைப்பற்றினர். சூலையில் குடியுரிமைச் சட்டம் நிறைவேறியது. அந்த ஆண்டில் கறுப்பினக் கேட்போர் தமக்குள் எதை முதலாவதாகக் கொண்டனர் என்பதற்கு அவ்விதழில் பதிவே இல்லை. போட்டி இதழான ‘கேஷ் பாக்ஸ்’ தன் பட்டியலைத் தொடர்ந்து வெளியிட்டதால் முற்றும் இருளாகிவிடவில்லை. எனினும் பில்போர்டை மட்டும் நம்பும் ஆய்வாளர் 1964இல் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே செவியால் கேட்டனர் என்று எழுதிவிடக்கூடும். பட்டியல் இல்லாமைக்கும் வேறுபாடு இல்லாமைக்கும் இடையில் நெடுந்தூரம் உண்டு.

மெருகும் மூலமும்

பெர்ரி கோர்டி 1959இல் குடும்பத்தினரிடம் 800 டாலர் கடன் பெற்று டெட்ராய்டில் மோடவுனைத் தொடங்கினார். லிங்கன்-மெர்குரி வாகனத் தொழிற்சாலையில் வேலை செய்தவர் அவர். பொருத்துவரிசையின் ஒழுங்கை இசைக்கூடத்திற்குக் கொண்டுவந்தார் என்பது அடிக்கடி சொல்லப்படுவது. வாரந்தோறும் தர ஆய்வுக் கூட்டம் நடந்தது. பாடகர்களுக்கு நடையுடை பாவனைகள் கற்பிக்கப்பட்டன. சுப்ரீம்ஸ் குழு மட்டும் அப்பத்தாண்டில் ஹாட் 100இல் 12 முறை முதலிடம் பெற்றது.

இதைக் கொண்டு ஒரு திறனாய்வுப் பள்ளி மோடவுனை வெள்ளையர் செவிக்காக மெருகேற்றப்பட்ட இசை என்றும், மெம்பிஸ் நகரின் ஸ்டாக்ஸ் நிறுவனப் பாடல்களையே மூல சோல் என்றும் வகுத்தது. இந்தப் பாகுபாடு கேட்பதற்கு இனிமையானது, ஆனால் நிற்காது. மோடவுன் கறுப்பினத்தவர் ஒருவருக்குச் சொந்தமான நிறுவனம். ஸ்டாக்ஸைத் தொடங்கிய ஜிம் ஸ்டூவர்ட்டும் எஸ்டெல் ஆக்ஸ்டனும் வெள்ளையர். பழைய திரையரங்கு ஒன்றில் இயங்கிய அவர்களது கூடத்தின் நிலையக் குழுவில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் இணைந்து வாசித்தனர். முதலிடம் பெற்றதனாலேயே ஒரு பாடல் தன் மக்களைவிட்டு விலகிவிட்டது என்பது பட்டியலைத் தலைகீழாக நம்புவதே.

‘மை கேர்ள்’ பாடலையே கேட்கலாம். ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் கிட்டார் மூன்றே அடிகளாகத் தொடங்குகிறது. அதன்மேல் ராபர்ட் ஒயிட்டின் கிட்டார் படிபடியாக மேலேறுகிறது. டேவிட் ரஃபினின் குரலில் தேவாலயப் பாட்டின் கரகரப்பு உண்டு. சுற்றியுள்ள வயலின்களின் வழவழப்பு அதை மறைக்கவில்லை, எடுத்துக்காட்டுகிறது. வருத்தத்திற்குரியது வேறொன்று. இந்த ஒலியை உருவாக்கிய ஃபங்க் பிரதர்ஸ் இசைஞர்களின் பெயர்கள் அப்பத்தாண்டு முழுவதும் மோடவுன் தட்டுறைகளில் இடம்பெறவில்லை. 1971இல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ தொகுப்பில்தான் இடம்பெற்றன. முதலிடத்தை எண்ணும் பட்டியலில் இந்தக் கைகளுக்கு இடமே இல்லை.

கூற்று மாறும்போது

‘மை கய்’, ‘மை கேர்ள்’ இரண்டிலும் ஸ்மோக்கி ராபின்சனின் கை உண்டு. பின்னதை ரொனால்ட் ஒயிட்டுடன் சேர்ந்து எழுதினார். முன்னதில் பேசுபவள் பெண், பின்னதில் பேசுபவன் ஆண். ஒரே புலவர் தலைவி கூற்றாகவும் தலைவன் கூற்றாகவும் பாடுவதைக் கண்ட தமிழ் மாணவருக்கு இதில் வியப்பில்லை. பாடலாசிரியர் வேறு, பாடலுக்குள் பேசுபவர் வேறு என்ற தெளிவு நம் மரபில் தொடக்கத்திலேயே உண்டு. மேற்கத்தியப் பாப் திறனாய்வு பாடகரின் வாழ்க்கையைப் பாடலோடு குழப்பிக்கொள்ளும் இடங்களில் இத்தெளிவு துணைசெய்யும். அக மாந்தருக்குப் பெயர் இல்லை, பாப் பாடகருக்கோ பெயரே முதல் என்ற வேறுபாட்டை மறந்துவிடாமல் இதைப் பயன்படுத்த வேண்டும்.

இதற்கு உரைகல் ‘ரெஸ்பெக்ட்’. மரியாதை என்று பொருள்படும் இப்பாடலை ஓட்டிஸ் ரெடிங் எழுதி 1965இல் தாமே பாடினார். அதில் பேசுபவன் வீடு திரும்பும் கணவன். பொருள் ஈட்டித் தருகிறேன், வீட்டிற்கு வந்தால் எனக்குரியதைத் தா என்பது அவன் கோரிக்கை. பாட்டு விரைவானது, குழல் கருவிகள் அவனைத் துரத்துகின்றன. கோரிக்கைக்குள் கெஞ்சல் ஒளிந்திருக்கிறது. ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் 4ஆம் இடம், ஹாட் 100இல் 35ஆம் இடம்.

1967 பிப்ரவரியில் அரீதா ஃபிராங்க்ளின் அதை நியூயார்க்கில் பதிவுசெய்தார். பெரும்பாலான சொற்கள் அவையே, கூற்று மாறிவிட்டது. பேசுபவள் மனைவி, அல்லது காதலி; அவளிடமும் பணம் இருக்கிறது. ஆகவே ரெடிங்கின் பாடலில் பணத்துக்கு ஈடாகக் கேட்கப்பட்ட மரியாதை இங்கே ஈடாகாமல் தனித்து நிற்கிறது. ரெடிங்கிடம் இல்லாத மூன்று சேர்க்கைகள் இதில் உண்டு. தலைப்புச் சொல் எழுத்தெழுத்தாக உச்சரிக்கப்படுகிறது. பொருள் விளங்காத ஒருவனுக்குப் பாடம் சொல்வதுபோல அது ஒலிக்கிறது. அரீதாவின் சகோதரியர் கரோலினும் எர்மாவும் பின்குரல் தருகின்றனர். பாட்டின் நடுவே வேறொரு சோல் பாடலின் சுரக்கோவைமீது கிங் கர்ட்டிஸின் சாக்சபோன் புகுகிறது.

பின்குரலை இன்னும் சற்று நின்று கேட்க வேண்டும். ரெடிங்கின் ஆண் தனியே மன்றாடுகிறான். அரீதாவின் பெண்ணுக்குப் பின்னால் பெண்கள் நிற்கின்றனர். அவள் சொன்னதை ஏற்று, முந்தி, சீண்டி, மீண்டும் அவளிடமே தருகின்றனர். அகப்பாடலில் தலைவிக்காகப் பேசும் தோழியின் இடம் இது என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் தோழி பெரும்பாலும் தலைவியின் சொல்லை மென்மையாக்கித் தலைவனிடம் கொண்டுசேர்ப்பவள், இவர்களோ கூர்மையாக்குகின்றனர். ஒருத்தியின் வீட்டுச் சண்டை பொதுக்கோரிக்கையாக மாறுவது இந்த இடத்தில்தான். குடியுரிமை இயக்கத்தாரும் பெண்ணுரிமை இயக்கத்தாரும் இதைத் தம் பாடலாக ஏற்றதற்குச் சொற்களைவிட இந்த அமைப்பே காரணம் என்பேன்.

பாட்டு இரு பட்டியல்களிலும் முதலிடம் பெற்றது. ஹாட் 100இல் இரு வாரம், மற்றதில் எட்டு வாரம். இந்த எண்களின் இடைவெளியே ஒரு செய்தி. அதே ஆண்டு மான்டரே விழா மேடையில் ரெடிங், ஒரு பெண் இப்பாடலைத் தம்மிடமிருந்து எடுத்துச்சென்றுவிட்டதாகப் பாதி விளையாட்டாகக் கூறினார். சட்டம் அப்படிக் கருதவில்லை. அமெரிக்க வானொலி ஒலிபரப்புக்கான உரிமைத்தொகை பாடலை எழுதியவருக்கே உரியது, பாடியவருக்கு இல்லை. எத்தனை முறை அரீதாவின் குரல் வானொலியில் ஒலித்தாலும் தொகை ரெடிங் தரப்புக்கே சேர்ந்தது. கூற்றை மாற்றியவள் படைத்தவளாகக் கருதப்படவில்லை. மரியாதை கேட்கும் பாடலுக்கே இது நேர்ந்தது.

தர ஆய்வுக் கூட்டம் கேட்காதது

காற்றுவாக்கில் கேட்ட செய்தி எனப் பொருள்படும் தலைப்புடைய ‘ஐ ஹேர்ட் இட் த்ரூ த கிரேப்வைன்’ பாடலை நார்மன் விட்ஃபீல்டும் பேரட் ஸ்ட்ராங்கும் எழுதினர். மார்வின் கே 1967இன் தொடக்கத்தில் பதிவுசெய்த வடிவத்தைக் கோர்டி வெளியிட மறுத்தார். அதன்பின் பதிவான கிளாடிஸ் நைட் அண்ட் த பிப்ஸ் குழுவின் வடிவம் முதலில் வெளிவந்து ஹாட் 100இல் 2ஆம் இடமும் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடமும் பெற்றது. கேயின் வடிவம் 1968இல் ஒரு தொகுப்புக்குள் ஒரு பாட்டாகப் புதைந்து வெளிவந்தது. வானொலி அறிவிப்பாளர்கள் அதைத் தேடி ஒலிபரப்பிய பிறகே தனித்தட்டாயிற்று. டிசம்பரில் முதலிடம், ஏழு வாரம் அங்கேயே.

நைட்டின் பெண் துரோகத்தைக் கேள்விப்பட்டதும் சினந்து எழுகிறாள். தாளம் தேவாலயக் கைத்தட்டலின் வேகத்தில் ஓடுகிறது. கேயின் ஆணுக்குச் செய்தி உடலில் இறங்கும் நஞ்சு. விட்ஃபீல்டு சுருதியைக் கேயின் இயல்பான குரலெல்லைக்கு மேலே வைத்தார். ஆகவே பாடகன் எட்டிப்பிடிக்கும் ஒவ்வொரு சுரத்திலும் திணறல் கேட்கிறது. எழுதியவர், இயக்கியவர், நிறுவனம் எல்லாம் ஒன்றே. கூற்றும் சுருதியும் மாற இரு வேறு பாடல்கள் பிறந்தன. கேயின் வடிவம் மிகச் சிறந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அது முதலிடம் பெற்றதால் அந்த முடிவுக்கு வரவில்லை. ஓராண்டுக்கும் மேலாகப் பெட்டியில் கிடந்தபோதும் அது இதே பாட்டுத்தான்.

முப்பத்தொன்றாம் இடம்

இறுதியாக, முதலிடம் எட்டாத ஒரு பாடல். சாம் குக் 1963 அக்டோபரில் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட் நகரில் ஒரு விடுதியில் இடம் மறுக்கப்பட்டார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ‘எ சேஞ்ச் இஸ் கான்ன கம்’ பாடலைப் பதிவுசெய்தார். மாற்றம் வரும் என்பதே தலைப்பின் பொருள். ரெனே ஹால் அமைத்த நரம்புக் கருவிகளின் திரளோடு தொடங்கும் இப்பாடலில் பேசுபவன் ஆற்றங்கரையில் பிறந்தவன், களைத்தவன்; காதலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. காதலனின் குரலாகவே கேட்போர் அறிந்திருந்த குக் இங்கே புறத்திணைக்கு மாறுகிறார் எனலாம்.

1964 டிசம்பர் 11 அன்று குக் சுடப்பட்டு இறந்தார். அம்மாத இறுதியில் பாடல் தனித்தட்டாக வந்தது, அதுவும் ‘ஷேக்’ என்னும் ஆட்டப் பாடலின் பின்பக்கத்தில். ஹாட் 100இல் அது எட்டிய உயரம் 31. இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பேழையில் அது இருக்கிறது.

தனித்தட்டுக்காகப் பாட்டு சுருக்கப்பட்டது. நீக்கப்பட்டது எந்தப் பகுதி என்பதைக் கவனிக்க வேண்டும். திரையரங்குக்கும் நகரின் கடைப்பகுதிக்கும் செல்லும் ஒருவன் அங்கே நிற்கக்கூடாது என்று தடுக்கப்படுவதைச் சொல்லும் பகுதி அது. திரையரங்கிலும் விடுதியிலும் இனத்தின் பெயரால் இடம் மறுப்பதைச் சட்டம் தடைசெய்து அப்போது ஐந்து மாதங்களே ஆகியிருந்தன. 31ஆம் இடம் பெற்றது அப்பகுதி இல்லாத பாடல்.