கீபோர்டுக்குள் ஒரு கிட்டார்: மீட்டல் பின்னணி பற்றி ஒரு மதிப்பீடு

சென்ற வைகாசியில் காவேரிப்பட்டினத்தில் ஒரு திருமண வரவேற்புக்குச் சென்றிருந்தேன். மேடையில் பாடகர் இருவர், தபேலா வாசிப்பவர் ஒருவர், கீபோர்டு வாசிப்பவர் ஒருவர் – அவ்வளவே இன்னிசைக் குழு. ஒரு தமிழ்ப் பாடல், அடுத்துக் கன்னடம், அதற்கடுத்துத் தெலுங்கு. எல்லையோரத்து ஊர் அல்லவா, விருந்தினரும் மூன்று மொழிக்காரர்கள். மூன்று பாடலுக்கும் பின்னணியில் கிட்டார் ஒலித்தது. ஆனால் மேடையில் கிட்டார் இல்லை.

பக்கத்தில் அமர்ந்திருந்த என் அக்காள் மகன், பிளஸ் டூ மாணவன், "மாமா, கிட்டார் எங்க இருக்குது?" என்றான். "அந்தப் பெட்டிக்குள்ளேதான்" என்றேன். சற்று நேரம் உற்றுக் கேட்டவன், "எங்க கிளாஸ் பையன் வாசிக்கிற மாதிரி இல்லியே, ஏன்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அதற்கு விடை தேடும்போது இக்கருவிகளின் நிறை குறைகளையும் எடைபோட்டுப் பார்ப்போம்.

பெட்டிக்குள் இருப்பது என்ன?

இவ்வகைக் கருவிக்கு அரேஞ்சர் கீபோர்டு என்று பெயர். வாசிப்பவர் இடக் கையால் 'கார்டு' எனப்படும் ஒரு சுரக்கூட்டை அழுத்துகிறார். உடனே டிரம்ஸ், பேஸ், கிட்டார் ஆகிய அனைத்தும் அக்கூட்டுக்கு ஏற்பத் தாமே ஒலிக்கின்றன. இந்தப் பின்னணித் தொகுப்பையே 'ஸ்டைல்' என்கிறார்கள். பெரும்பாலான ஸ்டைல்களில் சேமித்து வைக்கப்பட்டிருப்பது வாசித்துப் பதிவு செய்த பாட்டன்று, கட்டளைகளே. எந்தச் சுரம், எந்தக் கணத்தில், எவ்வளவு விசையுடன் (1 முதல் 127 வரை) என்று 1983இல் வந்த 'மிடி' முறையில் அவை எழுதப்பட்டிருக்கும். ஆகவே கிட்டார் மீட்டலை உருவாக்குவது என்பது, ஒரு மனிதக் கையின் அசைவை எண்களாக எழுதுவதே ஆகும். எழுதியவர் அந்தக் கையைக் கவனித்தாரா என்பதே நம் கேள்வி. அதை அறிய மூன்று சோதனைகள் உள்ளன.

முதல் சோதனை: கம்பிகளின் வரிசை

பியானோவில் மூன்று கட்டைகளை ஒரே கணத்தில் அழுத்தலாம். கிட்டாரில் அது நடவாது. கை மேலிருந்து கீழே வீசும்போது தடித்த கம்பி முதலிலும் மெல்லிய கம்பி கடைசியிலும் அதிர்கின்றன. ஒரு கம்பிக்கும் அடுத்ததற்கும் 8 மில்லி செகண்டு இடைவெளி என்று கொண்டால், ஆறு கம்பிகளைக் கடக்க 40 மில்லி செகண்டு ஆகும். கை கீழிருந்து மேலே திரும்பும்போது வரிசை தலைகீழாகும். அப்போது பெரும்பாலும் மெல்லிய மூன்று நான்கு கம்பிகளே படும். ஒலியும் மென்மையாக இருக்கும்.

இவ்வளவு சிறு இடைவெளி காதுக்குத் தெரியுமா? இரண்டு ஒலிகள் ஒன்றல்ல என்று உணர ஏறத்தாழ 2 மில்லி செகண்டு இடைவெளி போதும். எது முந்தியது என்று சொல்லவோ ஏறத்தாழ 20 மில்லி செகண்டு தேவை. அமெரிக்க ஆய்வாளர் ஐரா ஹெர்ஷ் 1959இல் கண்டறிந்த உண்மை இது. 8 மில்லி செகண்டு இவ்விரண்டுக்கும் நடுவே விழுகிறது. எனவே நாம் கம்பிகளைத் தனித்தனியே எண்ணுவதில்லை. 'சர்ர்' என்ற ஒரு வீச்சை மட்டும் உணர்கிறோம். எல்லாச் சுரங்களையும் ஒரே கணத்தில் எழுதிவிட்டால் அந்த வீச்சு மறைந்து, 'டக்' என்ற தட்டல் மட்டுமே மிஞ்சும்.

இரண்டாம் சோதனை: ஊசலாடும் கை

மீட்டும் கை ஒரு கடிகார ஊசலைப் போன்றது. கம்பியைத் தொடாத வேளையிலும் அது மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த வெற்று வீச்சுகளே தாளத்தைக் காக்கின்றன. நிமிடத்துக்கு 100 அடி வேகத்தில் ஓர் அடி 600 மில்லி செகண்டு. அதில் கால் பங்கு 150 மில்லி செகண்டு. கை இந்தக் கால் பங்குக்கு ஒரு வீச்சாக ஆடும் நடையில், அடுத்தடுத்த இரு கால் பங்குகளிலும் கீழ்வீச்சையே எழுதினால், மேலே திரும்பி வராத ஒரு கையை எழுதியதாகிறது. கேட்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஏதோ இடறுகிறது என்பது மட்டும் தெரியும்.

மற்றொரு குறை, மிகையான துல்லியம். பக்கத்து ஓசூரில் டைட்டன் ஆலை 1980களிலிருந்து கைக்கடிகாரங்களைச் செய்து வருகிறது. குவார்ட்ஸ் கடிகாரத்துள் இருக்கும் படிகம் நொடிக்கு 32,768 முறை பிசகாமல் அதிர வேண்டும். அது கடிகாரத்துக்கு அழகு. மீட்டும் கைக்கு அது அழகன்று. ஒவ்வொரு வீச்சும் விசையில் சிறிது மாறுபடும். ஒரே அளவை மீண்டும் மீண்டும் எழுதினால், கிட்டார் தையல் எந்திரமாகிவிடும்.

மூன்றாம் சோதனை: விரல்களின் அமைப்பு

பழைய முறை ஸ்டைல்கள் பலவும் தோல்வியுறுவது இங்கேதான். கிட்டாரில் 'சி மேஜர்' கூட்டைத் திறந்த நிலையில் பிடித்தால் ஒலிப்பவை ஐந்து சுரங்கள்: 131, 165, 196, 262, 330 ஹெர்ட்ஸ். அடுத்து 'எஃப் மேஜர்' பிடித்தால் ஆறு கம்பிகளும் சேர்ந்து 87, 131, 175, 220, 262, 349 ஹெர்ட்ஸ் தருகின்றன. இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 131உம் 262உம் இரண்டிலும் உள்ளன. மேல் சுரம் 330இலிருந்து 349க்கு ஓர் அடி மட்டுமே நகர்கிறது. அடியில் புதிதாக ஒரு கனத்த சுரம் சேர்கிறது.

எளிய கருவி என்ன செய்கிறது? 'சி' கூட்டின் ஐந்து சுரங்களையும் ஒட்டுமொத்தமாக ஐந்து அரைச்சுரம் உயர்த்தி 175, 220, 262, 349, 440 என்று ஒலிக்கிறது. கிட்டாரின் கழுத்தில் 'கேப்போ' எனும் இறுக்கியை ஐந்தாம் ஃப்ரெட்டில் மாட்டியதற்கு இது சமம். கூட்டு மாறும் ஒவ்வொரு முறையும் நொடியில் இறுக்கியை நகர்த்தும் கிட்டார்க்காரர் உலகில் இல்லை.

நிறுவனங்கள் தந்த விடை

இக்குறையைக் கருவி செய்வோர் அறியாதவர்கள் அல்லர். யமஹா நிறுவனம் 2002இல் வந்த டைரோஸ் கருவியில் 'மெகா வாய்ஸ்' என்ற ஒலிகளைச் சேர்த்தது. விசை எண் மாறும்போது அதில் ஒலியின் வகையே மாறும்: திறந்த கம்பி, அடக்கிய கம்பி, வழுக்கும் விரல் என்று. மிக உயர்ந்த கட்டைகளில் கம்பி உரசும் ஓசைகளும் வைக்கப்பட்டன. 2008இல் வந்த டைரோஸ்-3 கருவியில் ஸ்டைல் கோப்பு முறையே கிட்டாருக்காகத் திருத்தப்பட்டது. வீச்சுக்கு ஒன்று, தனித்தனிக் கம்பி மீட்டலுக்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக ஒன்று என மூன்று விதிகள் அதில் உண்டு. சுரங்களை ஒட்டுமொத்தமாக நகர்த்தாமல், கிட்டாரில் விரல் எங்கே விழுமோ அங்கே அவை வைக்கின்றன. கொர்க் நிறுவனத்தின் பா வரிசைக் கருவிகளில் ஒரு கட்டை கீழ்வீச்சு, மற்றொன்று மேல்வீச்சு, இன்னொன்று அடக்கிய வீச்சு என்று ஏற்பாடு. கேப்போ இடத்தையும் குறிக்கலாம்.

இவை பாராட்டத்தக்க முன்னேற்றங்கள். ஆனால் இரண்டு குறைகள் எஞ்சுகின்றன. ஒன்று, விரல் அமைப்பைக் கருவி தரும். கையின் ஊசலை எழுதுபவரே தர வேண்டும். வெற்று வீச்சை அறியாதவர் எழுதினால் விலை உயர்ந்த கருவியும் தடுமாறும். இரண்டு, விலை குறைந்த கருவிகள் பலவற்றில் புதிய ஸ்டைல் எழுத வழியில்லை. பிறர் எழுதியதை ஏற்றத்தான் முடியும். உயர்தரக் கருவிக்கென எழுதிய கோப்பைச் சாதாரண கிட்டார் ஒலிக்கு மாற்றினால், கம்பி உரசலுக்கான கட்டளைகள் கீச்சென்ற சுரங்களாக வெளிப்படும். விசை எண்களும் பொருளற்றுப் போய், சில வீச்சுகள் அதட்டும், சில முணுமுணுக்கும்.

யாருக்கு நட்டம்?

நான்கு பேருக்கே ஊதியம் பிரித்துக் கொடுக்கத் திணறும் ஒரு சிற்றூர்க் குழுவிடம், "ஐந்தாவதாக ஒரு கிட்டார்க்காரரை வை" என்று சொல்வது எளிது; செய்வது அரிது. ஆகவே பெட்டியைக் குறை கூறுவது என் நோக்கமன்று. ஆனால் அது ஒலிக்கும்போது ஒருவரின் பிழைப்பு சுருங்குகிறது என்பதை மறக்கலாகாது. இன்னொரு நட்டமும் உண்டு. மேடையில் கேட்பதையே கிட்டார் என்று எண்ணி வளரும் மாணவனின் காது, போலியையே அளவுகோலாகக் கொண்டுவிடும். பிறகு அசலைக் கேட்டால் அதுதான் பிழையாகத் தோன்றும். இளையராஜா கிட்டாரை முறையாகப் பயின்றவர். அவர் இசையமைத்த பாடல்களைக் கிட்டாருக்காகவே கேட்டுப் பழகிய தலைமுறைகள் நம்மிடையே உள்ளன. அத்தகைய செவியை இழப்பது சிறு இழப்பன்று.

வழி ஒன்று உண்டு. அதற்குச் செலவும் அதிகமில்லை. ஸ்டைல் எழுத விரும்புவோர் முதலில் ஒரு கிட்டாரின் அருகே அமர வேண்டும். வரவேற்பு முடிந்த மறுநாள் என் மருமகன் அதைத்தான் செய்தான். வகுப்புத் தோழனின் ஒரே ஒரு கீழ்வீச்சைக் கைப்பேசியில் பதிவு செய்து, அலை வடிவத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தான். ஒரே ஒலி என்று நினைத்தது சிறு சிறு படிகளாக ஏறியது. "மாமா, ஆறு படி இருக்குது!" என்று ஓடி வந்து காட்டினான்.

நீங்களும் செய்து பாருங்கள். வேகமாக ஒரு வீச்சு, மெதுவாக ஒரு வீச்சு, கீழிருந்து மேலாக ஒரு வீச்சு. மூன்றையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அந்த அளவுகளே நல்லதொரு ஸ்டைலின் முதல் பக்கம். அளந்த பிறகு எழுதுபவர் பெட்டிக்குள்ளும் ஒரு கையை வைக்க முடியும்.