‘சக’ என்னும் அடை: தமிழ்ச் சிறையெழுத்தும் கைதியரின் உளத்துணையும்

தமிழ்ச் சிறையெழுத்து பெரிதும் அரசியல் வரலாற்றின் சான்றாகவே வாசிக்கப்பட்டு வந்துள்ளது. வ.உ.சிதம்பரனாரின் ‘சுயசரிதை’ சுதேசி இயக்கத்துக்கும், 1921 டிசம்பர் முதல் 1922 மார்ச் வரை வேலூர்ச் சிறையிலிருந்த இராஜாஜியின் ‘சிறையில் தவம்’ ஒத்துழையாமை இயக்கத்துக்கும் ஆவணங்களாகக் கொள்ளப்படுகின்றன. இவ்வாசிப்பு முறையானதே, ஆயினும் அடைபட்ட மனிதர் ஒருவரையொருவர் எவ்வாறு தாங்கிக்கொண்டனர் என்னும் கூறு இதில் விடுபடுகிறது. கைதியரைக் கொண்டே கைதியருக்கு உளத்துணை அளிக்கும் ஏற்பாடுகளை அரசு சார்ந்த ஆவணங்கள் பரிந்துரைக்கத் தொடங்கியுள்ள இக்காலத்தில், ‘சகக் கைதி’ என்னும் தொடரிலுள்ள ‘சக’ எதனைக் குறிக்கிறது என்று ஆராய்வது தேவையாகிறது.

இதற்குப் பெரிதும் உதவுவன சி.ஏ.பாலனின் ‘தூக்குமர நிழலில்’, தியாகுவின் ‘சுவருக்குள் சித்திரங்கள்’ ஆகிய இரு நூல்கள். இருவரும் இடதுசாரி இயக்கத்தினர். இருவரும் தூக்குத் தண்டனை பெற்று, அது குறைக்கப்பட்டதால் உயிர் பிழைத்தவர்கள். ஜூனியர் விகடனில் தொடராக வெளிவந்த தியாகுவின் எழுத்தில் தன்வரலாற்றுக்குரிய ‘நான்’ பின்வாங்கி, உடனிருந்தோரின் கதைகள் முன்வருகின்றன. பதிவேட்டில் எண்ணாகவும் தண்டனைக் காலமாகவும் மட்டும் இருப்போர் இங்கே குடும்பமும் சினமும் குற்றவுணர்வும் உடைய மனிதராகின்றனர். ஒருவரைப் பற்றி இவ்வாறு எழுத வேண்டுமாயின் அவர் பேசியதை நெடுநேரம் கேட்டிருக்க வேண்டும். ஆகவே கேட்டல் இந்நூலின் பொருள் மட்டுமன்று. அதன் வடிவத்துக்கும் அடிப்படை.

கேட்டலை ஏற்பாடாக்கிய முயற்சிகளுள் முதன்மையானது பிரிட்டனின் ஸ்வான்சீ சிறையில் 1991ஆம் ஆண்டு சமாரிட்டன்ஸ் அமைப்பு தொடங்கிய ‘லிசனர்’ திட்டமாகும். பயிற்சி பெற்ற கைதி, மனம் உடைந்த கைதி கூறுவதைக் கேட்பார். கேட்டதை மறைவாகக் காப்பார். இந்தியாவில் தேசிய மனித உரிமைகள் ஆணையம் 2023 ஜூன் மாதம் வெளியிட்ட அறிவுரையும், உளவியல் முதலுதவியில் பயிற்சி பெற்ற சகக் கைதியரை அமர்த்துமாறு கூறுகிறது. அதே அறிவுரை, தற்கொலை நாட்டம் உடையோரை அடையாளம் காணக் கைதியருக்குப் பயிற்சி அளிக்கவும் பரிந்துரைக்கிறது. இவ்விரு பணிகளும் ஒன்றல்ல. முன்னது செவியின் பணி. பின்னது கண்ணின் பணி.

இவ்வேறுபாடு நம் சிறைகளில் தனிக் கவனத்துக்குரியது. 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, சிறை அலுவலராக அமர்த்தப்படும் கைதியைப் பொது ஊழியராகவே கருதுகிறது. ‘கன்விக்ட் வார்டர்’ எனப்பட்ட இவர்கள் கைதியரிலிருந்தே எழுந்த அதிகாரிகள். உளத்துணைவரும் நிர்வாகத்துக்குச் செய்தி சொல்பவராகத் தோன்றிவிட்டால், அவரிடம் யாரும் மனம் திறக்கமாட்டார். ‘சக’ என்னும் அடை மேலிருந்து சிதையும் வழி இது.

பக்கவாட்டிலும் அது சிதையும். பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் வெவ்வேறு சாதியினர் தனித்தனித் தொகுதிகளில் அடைக்கப்பட்டனர். மோதலைத் தவிர்ப்பதற்காக என்னும் விளக்கத்தை 2014இல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஏற்றது. 2024 அக்டோபர் 3ஆம் நாள் சுகன்யா சாந்தா வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் அவ்விளக்கத்தை நிராகரித்து, சிறைகளில் சாதிப் பாகுபாட்டை அனுமதிக்கும் விதிகளை அரசமைப்புக்கு முரணானவை என்றது. இத்தீர்ப்பு சமத்துவம் பற்றியதாகவே விவாதிக்கப்படுகிறது. உளநலத்துக்கும் அது பொருந்தும். தன் சாதியாரின் தொகுதிக்குள் மட்டுமே பேச முடிந்த ஒருவருக்கு, அச்சாதியின் கௌரவத்தை முன்னிட்டுச் செய்த குற்றத்தைப் பற்றிய மனவேதனையைச் சொல்ல வேறு செவி எங்கே கிடைக்கும்?

இந்நூல்களுக்கும் எல்லை உண்டு. எழுதியவர்கள் கொள்கைப் பிடிப்பும் எழுத்துப் பயிற்சியும் பெற்றவர்கள். தம் துன்பத்துக்கு ஒரு பொருள் கற்பித்துக்கொள்ள அவர்களால் இயன்றது. ஆறுதல் பெற்ற சாதாரணக் கைதியின் கையெழுத்து நமக்குக் கிடைக்கவில்லை. ஆறுதல் அவருக்கு உண்மையில் பயன்பட்டதா என்பதை ஆறுதல் கூறியவரின் சொல்லைக் கொண்டே அறிகிறோம். பெண் கைதியரின் அனுபவத்தையும் இவ்வெழுத்துகளிலிருந்து ஊகிக்க இயலாது. இலக்கியத்தைக் கொள்கை வகுப்புக்குச் சான்றாக்கும்போது இந்த இடைவெளிகளையும் சேர்த்தே கூற வேண்டும்.

மருத்துவத்தின் இடத்தையும் இவை நிரப்பமாட்டா. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சிறை மருத்துவ அலுவலருக்கு அடிப்படை மனநல மருத்துவத்தில் பயிற்சி அளிப்பதையும், மாநிலத்துக்கு ஒரு சிறையிலேனும் மனநல மருத்துவ அமைப்பை நிறுவுவதையும் அரசின் கடமையாக்குகிறது. சகக் கைதியின் துணையைக் காட்டி அக்கடமை குறைக்கப்படுமாயின், ஊதியமற்ற மற்றொரு சிறைப்பணியாகவே அது முடியும்.

தமிழகச் சிறைத்துறை ‘கூண்டுக்குள் வானம்’ என்னும் பெயரில் புத்தகக் காட்சிகளில் நூல்களைக் கொடையாகப் பெற்றுச் சிறை நூலகங்களை வளர்த்து வருகிறது. அந்நூலகங்களில் சிறையெழுத்தும் இடம்பெற்று, கைதியர் அதனைக் கூடி வாசித்துத் தம் கதைகளைச் சொல்லவும், விரும்பினால் எழுதவும் வாய்ப்புப் பெறுதல் வேண்டும். அச்சொற்கள் நிர்வாகத்தின் கோப்புக்குச் செல்லா என்னும் உறுதியும், யாருடன் அமர்ந்து பேசுவது என்பதைச் சாதி தீர்மானிக்காத நிலையும் இதற்கு முன்நிபந்தனைகள். இவ்விரண்டும் இல்லாத இடத்தில் ‘சக’ என்பது திட்ட அறிக்கையில் மட்டும் வாழும் அடைமொழியாகவே எஞ்சும்.