திறத்தலும் பாடம் காத்தலும்: மதுரைத் தமிழ் மின்பதிப்புகளும் வட்டுக் கருவிகளைக் கையாளும் ஒழுங்கும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் மின்பதிப்புகள் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் எழுத்துரு, எழுத்துக் குறியேற்றம், தேடல் வசதி ஆகியவற்றையே பேசுகின்றன. பனுவல் எந்த வட்டிலிருந்து, எம்முறையில் திறந்து எடுக்கப்பெற்றது என்னும் வினா அரிதாகவே எழுகிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் கோப்பு முறைமை நூலகங்களுள் ஒன்றான லிப்எக்ஸ்ட்2எஃப்எஸ், வட்டுக் கருவியைத் திறந்து, கையாண்டு, மூடும் ஒழுங்கை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. அவ்வொழுங்கை ஏட்டுச்சுவடிப் பதிப்பு மரபோடு ஒப்பிட்டு, மதுரைத் திட்டத்தின் மின்பதிப்பு முறையில் காணப்படும் நிறைவையும் குறையையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: மூலபாட ஆய்வு, மின்பதிப்பு, மதுரைத் திட்டம், கோப்பு முறைமை, வட்டுக் கருவி, நெகிழ்வட்டு, ஒருங்குறி.

முன்னுரை

மதுரை என்னும் பெயர் தமிழ் நூல்களைத் தொகுத்துக் காக்கும் பணியோடு நெடுங்காலமாகப் பிணைந்துள்ளது. முச்சங்க மரபை ஒருபுறம் வைத்தாலும், 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கமும், அதன் பாண்டியன் புத்தகசாலையும், சங்கம் வெளியிட்ட 'செந்தமிழ்' இதழும் வரலாற்றுச் சான்றுடையவை. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் இணையத்தில் தொடங்கப்பெற்ற தன்னார்வ மின்பதிப்பு முயற்சி 'மதுரைத் திட்டம்' எனப் பெயர் பெற்றதும் இம்மரபை நினைந்தே ஆகும். சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய வேதியியலாளர் முனைவர் கல்யாணசுந்தரம் அதனை முன்னின்று நடத்தினார்.

அதே காலத்தில் தமிழகத்தில் கணினி அச்சுக்கோப்பு பரவியது. ஆய்வேடுகளும் பாடநூல்களும் பிளாப்பி எனப்படும் நெகிழ்வட்டுகளில் சேமிக்கப்பெற்றன. 1966இல் தோன்றிய மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குட்பட்ட கல்லூரிகளிலும் ஆய்வாளர் இல்லங்களிலும் இத்தகைய வட்டுகள் எஞ்சியிருத்தல் இயல்பு. முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்படியை ஒப்படைக்கும் கடப்பாட்டைப் பல்கலைக்கழக மானியக் குழு 2009இல்தான் விதித்தது. அதற்கு முற்பட்ட ஆய்வேடு பலவற்றுக்கு அச்சிட்ட படியும் இவ்வட்டுமே சான்று. எனவே பழைய வட்டை எவ்வாறு திறப்பது என்பது பதிப்பாசிரியரும் விடை காண வேண்டிய வினாவாகிறது.

1. சுவடியின் நிலையுரைத்தல்

உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது பாடத்தை மட்டும் தந்து அமையவில்லை. தமக்குக் கிடைத்த பிரதிகளின் நிலையையும் முன்னுரையில் எடுத்துரைத்தார். 267, 268 ஆகிய பாடல்கள் கிடைக்காதபோதும் அவற்றின் எண்கள் விடப்பெறவில்லை. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம்பத்தும் கிடைக்கவில்லை என்பதும் அவ்வாறே பதிவாயிற்று. இழப்பை மறைத்து எண்களை நெருக்கியிருந்தால் நூலின் பரப்பே திரிந்து தோன்றியிருக்கும். கிடைத்ததைக் கிடைத்தவாறு காட்டுதல், கிடைக்காததன் இடத்தைக் குறித்தல், ஐயமுள்ள இடத்தில் கைவையாமை ஆகிய மூன்றும் இம்மரபின் அடிப்படை நெறிகள் எனலாம்.

2. நிரல் நூலகம் வட்டைத் திறக்கும் முறை

எக்ஸ்ட்2 கோப்பு முறைமை 1993இல் லினக்ஸுக்காக உருவாக்கப்பெற்றது; எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 ஆகியவை அதன் வழிவந்தவை. வட்டை இயங்குதளத்தில் ஏற்றாமலே, இம்முறைமைகளில் அமைந்த கோப்புகளைப் படிக்கவும் திருத்தவும் வல்ல நிரல்தொகுப்பே லிப்எக்ஸ்ட்2எஃப்எஸ். தியோடர் சோ நெடுங்காலமாக அதனைப் பேணி வருகிறார். அதன் திறத்தல் செயற்கூறு ஐந்து செய்திகளைக் கேட்கிறது: கருவியின் பெயர், திறக்கும் முறை, முதன்மைத் தொகுதி இருக்கும் இடம், தொகுதியின் அளவு, உள்ளீட்டு வெளியீட்டு மேலாளர். இவற்றைக் கையாளும் முறையில் பதிப்பு நோக்கில் கருதத்தக்க இயல்புகள் சில உள்ளன.

முதலாவது, வேறு குறிப்புத் தராவிடில் நூலகம் வட்டைப் படிப்பதற்கு மட்டுமே திறக்கும். எழுத வேண்டுவோர் அதனை வெளிப்படையாகக் கேட்டல் வேண்டும்.

இரண்டாவது, அது அடையாளத்தைச் சரிபார்க்கும். கோப்பு முறைமையின் தொடக்கத்திலிருந்து 1024 பைட்டுகள் கடந்து முதன்மைத் தொகுதி அமைந்திருக்கும். கோப்பு முறைமையின் அளவு, அமைப்பு, பண்புகள் ஆகியன அதில் பொறிக்கப்பெற்றுள்ளன. பதின்ம முறையில் 61267 என்னும் எண் அதனுள் உரிய இடத்தில் இல்லையேல் நூலகம் பிழை கூறி நின்றுவிடும்.

மூன்றாவது, அது தன் அறிவின் எல்லையை ஒப்புக்கொள்கிறது. வட்டில் தனக்குப் புரியாத பண்பு இருப்பின் அதன் வகையை நோக்குகிறது. ஒருவகைப் பண்பு இருந்தால் இயல்பான முறையில் திறக்கவே மறுக்கிறது. மற்றொருவகைப் பண்பு இருந்தால் படிக்க இசைந்து, எழுத மறுக்கிறது. பொருள் முழுதும் விளங்காத பாடத்தைப் படிக்கலாம், ஆனால் திருத்தலாகாது என்னும் மூலபாட நெறி இங்கு நிரலாகவே எழுதப்பெற்றுள்ளது.

நான்காவது, மாற்றுப் பிரதியை நாடும் வழி அதில் உண்டு. முதன்மைத் தொகுதி சிதைந்திருந்தால் வட்டின் வேறிடங்களிலுள்ள அதன் பிரதியைச் சுட்டித் திறக்கலாம். தொகுதியின் அளவு 4096 பைட்டாயின் முதற்பிரதி வழக்கமாக 32768ஆம் தொகுதியில் இருக்கும். எனினும் இப்பிரதிகள் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் புதுப்பிக்கப்படுவதில்லை. அவை முந்தைய நிலையைக் காட்டக்கூடும். ஒரு சுவடியின் குறையை மற்றொரு சுவடியால் நிரப்பும் பதிப்பாசிரியர் எதிர்கொள்ளும் சிக்கலே இது.

ஐந்தாவது, சிதைவைப் பதிவு செய்யும் இடமும் உண்டு. எக்ஸ்ட்2 அமைப்பில் ஒவ்வொரு கோப்பின் விவரத்தையும் தாங்கும் பதிவு ஐநோடு எனப்படும். அவற்றுள் முதல் எண்ணுடையது பழுதுற்ற தொகுதிகளின் பட்டியலுக்கென ஒதுக்கப்பெற்றுள்ளது. வேர்க்கோப்புறைக்குரியது இரண்டாம் எண்ணே.

ஆறாவது, மூடுதலும் பொறுப்புடைய செயலாகிறது. மாற்றங்கள் நினைவகத்தில் தேங்கியிருக்கலாம். முறையாக மூடும்போது அவை வட்டில் எழுதப்பெற்றுப் பிடிப்பு விடுவிக்கப்படுகிறது. மூடாமல் விடப்பட்ட வட்டில் மாற்றம் பாதி ஏறியும் பாதி ஏறாமலும் நிற்கலாம். எழுதுமுன் பழைய தொகுதியை வேறொரு கோப்பில் பாதுகாத்து, பின்னர் மீட்க உதவும் மேலாளரும் இந்நூலகத்தில் உண்டு. திருத்திய பாடத்தோடு முந்தைய பாடத்தையும் அடிக்குறிப்பில் வைப்பதை இது ஒக்கும்.

3. படித்தலே மாற்றுதலாகும் இடம்

சுவடியை விரிப்பவர் கவனக்குறைவால் ஏட்டின் விளிம்பை ஒடித்துவிடக் கூடும். ஆயினும் ஒடிந்தது கண்ணுக்குத் தெரியும். வட்டில் நேரும் மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. 1.44 மெகாபைட் நெகிழ்வட்டில் 512 பைட் அளவுள்ள 2880 பிரிவுகள் உள்ளன. விண்டோஸ் 95, எழுத்துத் தடையில்லாத நெகிழ்வட்டைக் கண்டால் முதற்பிரிவிலுள்ள பெயர்ப்பகுதியில் தன் அடையாளத்தைப் பொறித்துவிடும். பயனர் கோப்பைப் பார்த்ததாக மட்டுமே எண்ணுவார்; வட்டோ மாறியிருக்கும்.

பிற்கால முறைமைகளிலும் இவ்விடர் நீங்கவில்லை. முறையாக மூடப்படாத எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 வட்டைப் படிப்பதற்கு மட்டும் என்று இயங்குதளத்தில் ஏற்றினாலும், தேங்கியிருந்த மாற்றப் பதிவேட்டை லினக்ஸ் முதலில் வட்டில் நிறைவேற்றக்கூடும். 'படிக்க மட்டும்' என்னும் சொல் பயனருக்கு ஒரு பொருளும் இயங்குதளத்துக்கு வேறொரு பொருளும் தருகிறது.

மூலபாட ஆய்வுக்கு இது சிறு செய்தியன்று. நெகிழ்வட்டின் கோப்பு முறைமையில் ஒரு கோப்பை நீக்கினால் அதன் பெயரின் முதலெழுத்து மட்டும் மாற்றப்பெற்று, அதற்குரிய இடம் காலியெனக் குறிக்கப்படும். உள்ளடக்கம் வேறொன்று மேலெழுதப்படும்வரை அங்கேயே கிடக்கும். ஆசிரியர் நீக்கிய முதல் வரைவு அவ்வாறு எஞ்சியிருக்கலாம். அவ்வட்டில் புதிதாக ஒரு கோப்பைச் சேமிப்பவர், தாம் அறியாமலே ஒரு பாடபேதத்தை அழித்தவராகலாம்.

ஆதலின் எழுத்துத் தடைத் துளையைத் திறந்து வைத்தல், வட்டு முழுவதையும் பிரிவு பிரிவாகப் படிமமாக எடுத்தல், படிமத்துக்குச் சரிபார்ப்பு எண் கணித்தல், அதன்பின் படிமத்தையே திறந்து ஆராய்தல் என்னும் வரிசை இன்றியமையாதது. லிப்எக்ஸ்ட்2எஃப்எஸ் நெகிழ்வட்டின் முறைமையை அறியாது. அதற்கு எம்டூல்ஸ் போன்ற கருவிகள் உள்ளன. பழுதுற்ற வட்டைப் படியெடுக்கும் டிடிரெஸ்கியூ, படிக்க இயலாத பகுதிகளின் வரைபடத்தைத் தனிக்கோப்பாகத் தருகிறது. புறநானூற்றில் 267, 268 ஆகிய எண்கள் செய்யும் பணியை அவ்வரைபடம் செய்கிறது.

4. மதுரைத் திட்டம்: நிறைவும் குறையும்

மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் திருக்குறளை முதல் எண்ணாகக் கொண்டு வரிசைப்படுத்தப்பெற்றவை. தட்டச்சிட்டவர், மெய்ப்பு நோக்கியவர், எழுத்துக் குறியேற்றம் ஆகியன தலைப்புக் குறிப்பில் இடம்பெறுகின்றன. உழைத்தவரைப் பெயர் சுட்டிப் போற்றும் இவ்வழக்கம் தமிழ் இணையத்தில் பரவியிருந்தால் பெயரில்லாப் படிகள் இத்துணைப் பெருகியிரா. மயிலை எழுத்துருவில் தொடங்கி, திஸ்கி குறியேற்றத்துக்கும் பின்னர் ஒருங்குறிக்கும் பனுவல்களை இடம்பெயர்த்தமையால் அவை இன்றும் படிக்கத்தக்கனவாய் உள்ளன. இடம்பெயர்க்கப்படாத கோப்புகளோ எழுத்துரு கிடைக்காதவிடத்து வெறும் பைட்டுகளாய் நிற்கின்றன.

குறை, இடம்பெயர்ப்பின் வரலாற்றில் உள்ளது. மாற்றத்தின்போது பாடத்தில் எவை ஐயத்துக்குரியவாயின என்னும் செய்தி தலைப்புக் குறிப்பின் நிலையான உறுப்பாகவில்லை. பழைய எழுத்துருக்கள் வடிவை வடிவாகக் குறித்தன; ஒருங்குறி எழுத்தை எழுத்தாகக் குறிக்கிறது. ஔகாரக் குறியின் பின்பகுதி ளகர வடிவை ஒத்தது. அதனை ளகரமாகவே பதிவு செய்த கோப்பில் 'பௌவம்' என்னும் சொல் 'பெளவம்' என்றாகும். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. கணினிக்கோ வேறு வேறு சொற்கள். கடலைக் குறிக்கும் இச்சொல்லின் வருகையைச் சங்கப் பனுவல்களில் எண்ணும் ஆய்வாளர், பிழைபட்ட கோப்பை நம்பினால் தவறான தொகையைப் பெறுவார். சொல்லடைவையும் புள்ளிவிவரத்தையும் அடிப்படையாகக் கொள்ளும் இன்றைய ஆய்வுகள் எத்தகைய தளத்தின்மேல் நிற்கின்றன என்பதை இச்சிறு எடுத்துக்காட்டு உணர்த்தும்.

5. ஒப்புமையின் எல்லை

வட்டைத் திறத்தல் தொழில்நுட்பர் பணி, பாடத்தை ஆராய்தல் புலவர் பணி என இரண்டையும் பிரிக்கும் வாதம் எழக்கூடும். சுவடியின் நிலையைப் பதிப்பாசிரியரே உரைத்த மரபு அப்பிரிவினைக்கு இடந்தரவில்லை. எனினும் நிரல் நூலகத்தை மிகைப்படப் புகழ்தலும் பொருந்தாது. அது காப்பது அமைப்பை; பொருளை அன்று. ஒரு தொகுதியில் இருப்பது புறநானூறா, கடைக்கணக்கா என்பதை அது அறியாது. 'பௌவம்' பிழைபட எழுதப்பெற்றிருந்தாலும் அதனைப் பழுதின்றி எடுத்துத் தரும். அமைப்பைக் காக்கும் நிரலும் பொருளைக் காக்கும் புலமையும் ஒன்றன் பதிவை மற்றொன்று படிக்கும்போதுதான் மின்பதிப்பு நம்பத்தக்கதாகும்.

முடிவுரை

கோப்பு முறைமை நூலகம் வட்டைக் கையாளும் ஒழுங்கு, தமிழ்ப் பதிப்பு மரபுக்குப் புதிதன்று; ஏடு திறந்தோர் அறிந்த ஒழுங்கே அது. மின்பதிப்புக்கு வந்தபோது அம்மரபு நெகிழ்ந்தது. ஆகவே பழைய வட்டிலிருந்து உருவாகும் மின்பதிப்பு ஒவ்வொன்றும் நான்கு செய்திகளைத் தலைப்பிலேயே தருதல் வேண்டும்: பனுவலைத் தாங்கிய கருவி எது, அது எம்முறையில் திறக்கப்பெற்றது, படிக்க இயலாத பகுதிகள் எவை, குறியேற்ற மாற்றத்தில் ஐயுற்ற இடங்கள் எவை. ஒரு பக்கத்துக்குள் அடங்கும் இக்குறிப்பை எழுதப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஆனால் நெகிழ்வட்டின் காந்தப்பூச்சு ஆண்டுதோறும் நலிகிறது; அதைப் படிக்கும் இயக்கியும் அரிதாகி வருகிறது. தமிழ்த்துறைகளின் பேழைகளில் எஞ்சியுள்ள வட்டுகளைப் பட்டியலிட்டு, எழுத்துத் தடையிட்டுப் படிமம் எடுக்கும் பணி காலந்தாழ்த்தற்கு உரியதன்று.