காதால் கற்கும் துடுப்பு

துடுப்புப் படகுப் போட்டியில் வீரர்கள் போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்கள். குழுப் படகில் கண்ணெதிரே இருப்பது இன்னொருவரின் முதுகுதான். படகு எந்தக் கணத்தில் பாய்கிறது, எங்கே தளர்கிறது என்பதை உடம்பாலும் காதாலும்தான் அறிந்தாக வேண்டும். ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தின் நீனா ஷாஃபெர்ட்டும் கிளவுஸ் மாட்டெஸும் ஆராய்ந்த 'சோஃபிரோ' அந்தக் காதை நம்பி எழுந்த கருவி. படகில் பொருத்திய சென்சார் முடுக்கத்தை அளக்கிறது. முடுக்கம் கூடினால் சுருதி ஏறும், குறைந்தால் இறங்கும். ஓட்டக்காரர்கள் பயன்படுத்தும் மெட்ரோனோம் வெளியிலிருந்து ஒரு தாளத்தைத் திணிக்கிறது. இதுவோ வீரர்களின் சொந்த அசைவையே ஒலியாக்கி அவர்களுக்குக் கேட்க வைக்கிறது. இதன் உண்மையான பலம் அதுதான்.

துடுப்பை நீரிலிருந்து எடுத்தபின், சறுக்கு இருக்கையில் முழங்காலை மடக்கி அடுத்த இழுப்புக்கு வரும் நேரத்தைப் பாருங்கள். ஒற்றையர் படகின் குறைந்தபட்ச எடை 14 கிலோ. அதில் அமர்பவரோ ஐந்தாறு மடங்கு கனம். அந்த உடல் படகின் பின்முனையை நோக்கிச் சறுக்கும்போது படகு முன்னே பாய்கிறது. சறுக்கலை நிறுத்தக் கால் மிதிபலகையில் ஊன்றியதும் படகு சட்டென்று வேகம் இழக்கிறது. அவசரமாகச் சறுக்கினால் இழப்பும் கூடும். கரையிலிருந்து பயிற்சியாளர் எவ்வளவு கத்தினாலும் பிடிபடாத இந்தக் கணம், சுருதியின் சரிவாகக் காதில் விழுந்தால் அடுத்த இழுப்பிலேயே திருத்திவிடலாம். தேர்ந்த வீரர்களை வைத்து நீரில் நடத்திய சோதனைகளில், ஒலி கேட்ட பகுதிகளில் சராசரி வேகம் கூடியது. மாற்றுத்திறனாளி வீரர்களிடமும் இம்முறையைச் சோதித்து 2015-இல் ஆய்வு வெளியிட்டார்கள்.

ஆனால் எட்டுப் பேர் இழுக்கும் படகில் கேட்பது ஒரே ஒலி. ஏதோ பிசகியது என்று அது சொல்லும். யாரிடம் பிசகு என்று சொல்லாது. நன்றாக இழுப்பவரும் தன்னைச் சந்தேகித்து, சரியாக இருந்த அசைவைக் குலைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. குழுவை ஒன்றாக்கும் அதே ஒலி தனிமனிதரின் பிழையை மூடிவிடுகிறது. இதைப் பெரிய குறையாகவே நினைக்கிறேன்.

சார்ந்திருக்கும் பழக்கம் அடுத்த ஆபத்து. பின்னூட்டம் ஓயாமல் கிடைத்தால் பயிற்சியின்போது திறமை கூடும், அதை எடுத்ததும் சரியும் என்று சால்மோனி, ஷ்மிட், வால்டர் மூவரும் 1984-லேயே எச்சரித்தார்கள். சூரிக்கின் துடுப்பு சிமுலேட்டரில் சிக்கலான அசைவொன்றைக் கற்பித்து 2013-இல் வெளியான ஆய்வும் அதையே காட்டியது: அசைவின்போதே பார்த்தோ கேட்டோ தொட்டுணர்ந்தோ திருத்திக்கொண்டவர்களைவிட, முடிந்தபின் பிழை காட்டப்பட்டவர்கள் நன்றாகக் கற்றார்கள். ஆகவே 'ஒலி கேட்டபோது வேகம் கூடியது' என்பதைக் கற்றலுக்குச் சான்றாக ஏற்க மாட்டேன். ஒலி நின்றபின் சில வாரம் கழித்தும் அந்த வேகம் நிற்கிறதா என்பதே என் கேள்வி.

படகுக்கென்று இயல்பான ஒலிகளும் உண்டு: அடிப்பகுதியில் குமிழியிடும் நீர், துடுப்பு திரும்பும்போது அதைத் தாங்கும் கொக்கியில் எழும் 'டக்'. செயற்கைச் சுருதி இவற்றை அமுக்கிவிடக் கூடாது. நல்ல பயிற்சியாளர் முதலில் ஒலியில்லாமல் ஓட்டச் சொல்லி, எந்த இடத்தில் படகு தளர்ந்தது என்று வீரர்களையே கேட்பார். அவர்கள் சொன்ன இடத்தைச் சரிபார்க்கத்தான் கருவியைப் போடுவார், சில இழுப்புகளுக்கு மட்டும்.