கார்புரேட்டரைக் காது கொடுத்துக் கேளுங்கள்

1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளியே வந்தது. 1984-ல் சுசுகியோடு சேர்ந்து தயாரித்த ஏ.எக்ஸ். 100 வந்தது. பின்னால் சாமுராய், ஷோகன், விக்டர் என்று வரிசையாக வந்த எல்லாமே கார்புரேட்டர் வண்டிகள். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்ததும், சந்தைக்கு மூட்டை சுமக்கும் எக்ஸ்.எல். 100 கூட ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டது. ஆனால் சோக்கை இழுத்து, கிக்கரை உதைத்து, ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பிப் பழகிய ஒரு தலைமுறை ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் இன்னும் இருக்கிறது. அவர்களுக்கு எஞ்சின் சத்தத்தைப் பிரித்துக் கேட்கும் காது உண்டு. அதே காதோடு ஒரு பழைய இத்தாலிய ஸ்போர்ட்ஸ் காரின் அருகில் போய் நின்றால் எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது?

முதலில் பானெட்டைத் திறந்து, கார்புரேட்டரில் காற்று நுழையும் குழல்களை, அதாவது பேரல்களை, எண்ணுங்கள். இத்தாலியின் பொலோன்யா நகரில் 1923-ல் எதுவார்தோ வெபர் தொடங்கிய கம்பெனியின் கார்புரேட்டர்கள்தான் அந்த நாட்டுப் பந்தயக் கார்களின் அடையாளம். அவற்றில் பேர்பெற்றது டி.சி.ஓ.இ.: படுக்கைவாட்டில் இரட்டை பேரல் கொண்டது. ஆல்ஃபா ரோமியோ ஜூலியா ஜி.டி. போன்ற நான்கு சிலிண்டர் கார்களில் இதில் இரண்டு இருக்கும். ஆக, சிலிண்டருக்கு ஒரு பேரல். ஃபெராரி 250 ஜி.டி.ஓ.வின் 12 சிலிண்டருக்கு ஆறு இரட்டை வெபர். லம்போர்கினி மியூராவின் 12 சிலிண்டருக்கு நான்கு மும்மடி வெபர். கணக்கு எங்கும் ஒன்றுதான். ஒவ்வொரு சிலிண்டரும் தனக்கென்று ஒரு வாய் வைத்து மூச்சு இழுக்கிறது.

நம்மூரில் அதிகம் பேர் தொட்டு ஓட்டிய இத்தாலிய ரத்தம் பிரீமியர் பத்மினி. ஃபியட் 1100-ன் வாரிசு, 1089 சி.சி. அதில் நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே ஒரு சோலெக்ஸ் பேரல். பத்மினியின் சத்தம் ஒன்றாய்க் கலந்து மெத்தென்று வருவதற்கு இது ஒரு காரணம். வெபர் பூட்டிய ஆல்ஃபாவில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் சைலன்சர் சத்தத்துக்கு முன்னால் பானெட்டுக்குள்ளிருந்து ஓர் உறுமல் கேட்கும். அது காற்று உள்ளே போகும் சத்தம். இந்த இரண்டையும் பிரித்துக் கேட்கப் பழகினால் பாதி ரசனை வந்துவிட்டது.

அடுத்து, பெட்ரோலை அளந்து விடும் ஜெட். கையில் எடுத்துப் பாருங்கள். விரல்நுனி அளவு பித்தளைத் துண்டு, நடுவில் ஒரு துளை, தலையில் ஓர் எண். வெபரில் 120 என்று பொறித்திருந்தால் துளையின் விட்டம் 1.20 மில்லிமீட்டர். 125-க்கு மாற்றினால் விட்டம் கூடுவது 0.05 மில்லிமீட்டர்தான், ஆனால் துளையின் பரப்பு எட்டரை சதவீதம் கூடுகிறது. சிப்காட்டிலும் சிட்கோவிலும் மைக்ரான் கணக்கில் பீஸ் போடுகிறவர்களுக்கு இதன் அருமையை யாரும் விளக்க வேண்டாம். காரின் குணமே அந்த ஐம்பது மைக்ரானில் மாறும்.

எந்தக் கார்புரேட்டரைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு வருவோம். பெரிய கார்புரேட்டர் போட்டால் பவர் கூடும் என்று நினைப்பவர்கள் அதிகம். நான் இதை ஒப்புக்கொள்வதே இல்லை. பெட்ரோலை மேலே உறிஞ்சுவது வெஞ்சுரி என்ற ஒடுக்கத்தில் காற்று எடுக்கும் வேகம். ஒடுக்கம் பெரிதானால் வேகம் குறையும். வேகம் குறைந்தால் பெட்ரோல் சரியாகப் பொடியாகாமல் துளியாகவே போகும். ரேஸ் டிராக்கில் 6000 ஆர்.பி.எம்.முக்கு மேலேயே ஓடும் எஞ்சினுக்குப் பெரிய வெஞ்சுரி சரி. கிருஷ்ணகிரி–ஓசூர் சாலையின் மேலுமலை ஏற்றத்தில் டிரெய்லர் லாரிக்குப் பின்னால் மூன்றாவது கியரில் 2000 ஆர்.பி.எம்.மில் ஊர்ந்துவிட்டு, வழி கிடைத்ததும் பாய வேண்டிய காருக்குச் சின்ன வெஞ்சுரிதான் உயிர். நல்ல வேளையாக டி.சி.ஓ.இ.யில் வெஞ்சுரியைத் தனியே கழற்றி மாற்றலாம். 45 மில்லிமீட்டர் பேரலுக்கு ஆசைப்படாமல் 40-ஐ வாங்கி, உள்ளே எஞ்சினுக்கு ஏற்ற வெஞ்சுரியைப் போடுங்கள்.

இந்த வட்டாரம் கார்புரேட்டரைப் புரிந்துகொள்ள அருமையான இடம். கிருஷ்ணகிரி கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர். குருபரப்பள்ளி, மேலுமலை, சூளகிரி வழியாக ஏறி ஓசூர் சேர்ந்தால் சுமார் 900 மீட்டர். சென்னையில் டியூன் பண்ணிய கார் ஓசூர் வரும்போது காற்றின் அடர்த்தி ஏறக்குறைய எட்டு சதவீதம் குறைந்திருக்கும். கார்புரேட்டருக்கு அது தெரியாது. பெட்ரோலை அந்த அளவுக்குக் குறைக்காது. கலவை நான்கு சதவீதம் போல ரிச், அதாவது பெட்ரோல் மிகுந்ததாக, ஆகிவிடும். அதே சமயம் ஓசூரின் குளிர்ந்த காற்று கொஞ்சம் அடர்த்தியைத் திருப்பித் தருகிறது. மார்கழி விடியலில் ஒருமுறையும் சித்திரை மத்தியானத்தில் ஒருமுறையும் ஒரே காரை ஓட்டினால் இரண்டு வேறு கார்கள் போலத் தெரிவது இதனால்தான்.

இப்போது இன்னொரு கணக்கும் சேர்ந்திருக்கிறது. பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். சாதா பெட்ரோல் முழுதாக எரிய எடைக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். இ20-க்குச் சுமார் 13.5 போதும். பழைய ஜெட்டை அப்படியே விட்டால் கலவை எட்டு சதவீதம் போல லீன், அதாவது பெட்ரோல் குறைந்ததாக, ஆகும். சென்னையில் இதற்காக மெயின் ஜெட்டை ஒரு படி ஏற்ற வேண்டிவரும். ஓசூரில் உயரமே அதில் பாதியை ஈடுகட்டிவிடுகிறது. ஆகவே சென்னை நண்பர் சொன்ன ஜெட் நம்பரை ஓசூரில் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். எத்தனால் பழைய ரப்பர் டியூப்பையும் கேஸ்கெட்டையும் கெடுக்கும் என்பதால் அவற்றையும் மாற்றிவிடுவது நல்லது.

டியூனிங்கில் கார்புரேட்டரைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். வால்வ் கிளியரன்ஸ், பாயின்ட் கேப், டைமிங், பிளக் இவை நான்கும் சரியாக இல்லாமல் ஸ்க்ரூவைத் திருப்புவது வீண்வேலை. வெயிலில் ஏற்றம் ஏறும்போது திணறி நின்றால் அதையும் உடனே கார்புரேட்டர் மேல் போடாதீர்கள். பெட்ரோல் சூட்டில் ஆவியாகி வேப்பர் லாக் ஆகியிருக்கலாம். பத்மினி டிரைவர்கள் பெட்ரோல் பம்ப்பில் ஈரத்துணி சுற்றியது சும்மா இல்லை.

இனி கேட்பது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஐடிலில் விடுங்கள். அரை மீட்டர் ரப்பர் டியூப் எடுத்து ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு பேரல் வாயிலும் வையுங்கள். உஸ்ஸென்று ஒரு சீறல் கேட்கும். இரண்டு கார்புரேட்டரிலும் சீறல் ஒரே சுருதியில் வரும்வரை நடுவிலுள்ள லிங்கேஜ் ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டும். பிறகு மிக்சர் ஸ்க்ரூ. மெதுவாக உள்ளே திருப்புங்கள். ஓர் இடத்தில் எஞ்சின் சுருதி இறங்கித் தடுமாறும். அங்கிருந்து வெளியே திருப்பிக்கொண்டு வந்தால் ஓட்டம் வேகமாகவும் சீராகவும் ஆகும் இடம் ஒன்று வரும். அங்கே நிறுத்துங்கள். அந்த ஓர் இடத்தைக் காதால் பிடிப்பதில் இருக்கும் சந்தோஷம் வேறு எந்த மெக்கானிக் வேலையிலும் இல்லை என்பேன்.

ரோட்டில் கவனிக்க வேண்டியது ஐடிலும் இல்லை, டாப் ஸ்பீடும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஐடில் ஜெட் கைவிட்டு மெயின் ஜெட் கைகொடுக்கும் அந்தக் கணம். மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை மெல்ல மெல்ல அழுத்துங்கள். ஒரு குதிப்போ விக்கலோ இல்லாமல் இழுவை கூடிக்கொண்டே போனால் டியூன் செய்தவர் கைதேர்ந்தவர். கார்புரேட்டர் வாயிலிருந்து பட்டென்று வெடித்துத் துப்பினால் லீன். பின்னால் கறுப்புப் புகை வந்து, பிளக்கில் கரி படிந்திருந்தால் ரிச். பிளக் பிஸ்கட் நிறத்தில் இருந்தால் சரி.

இத்தாலியக் கார் கைக்கு எட்டாவிட்டால் கவலை இல்லை. வீட்டில் பழைய சாமுராயோ பத்மினியோ கிடந்தால் அதிலேயே தொடங்கலாம். ஆனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஜெட் அடைத்துக்கொண்டால் ஒர்க்‌ஷாப்பில் கம்பியையோ குண்டூசியையோ விட்டுக் குத்த விடாதீர்கள். பித்தளை மென்மையானது, ஒரு குத்தில் துளை பெரிதாகிவிடும், அதன்பின் தலையில் இருக்கும் எண்ணுக்கு அர்த்தம் கிடையாது. கார்ப் கிளீனரில் ஊறப்போட்டு, காற்றடித்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.