இசைத்தட்டும் நினைவேக்கமும்

கடந்ததை எண்ணி ஏங்குதல் மனித இயல்பு. அவ்வேக்கம் எழுத்தாகும்போது, இழந்தது எது என்பதை அது தெளிவுறக் கூறுதல் வேண்டும். இசைத்தட்டுக் கடைகளைப் பற்றிய நினைவுக் கட்டுரைகள் பலவற்றில் இத்தெளிவு இல்லை. உறையின் வண்ணத்தையும் ஊசியின் கரகரப்பையும் விரித்துரைக்கும் அவை, தட்டில் ஒலித்த சொல்லைப் பற்றி வாய் திறப்பதில்லை.

புக்கிட் பாத்தோக்கைச் சான்றாகக் கொள்ளலாம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளில் மக்கள் பெருமளவில் குடியேறிய 1980களில், ஒலிநாடா இசைத்தட்டின் இடத்தைப் பற்றிக்கொண்டிருந்தது. ஆகவே, அங்குள்ள மூத்தோர்க்கு இசைத்தட்டு, முன்பு வாழ்ந்த வீட்டிலிருந்து பெட்டியில் வந்த பொருள். அதை வாங்கிய நினைவோ சிராங்கூன் சாலை போன்ற பழைய கடைத்தெருக்களுக்கு உரியது. புக்கிட் பாத்தோக்கில் 1990இல் பெருவிரைவு ரயில் நிலையம் திறக்கப்படும்வரை, அது பேருந்தேறிச் செல்லவேண்டிய தொலைவு. பொருள் ஓரிடத்தும் நினைவு வேறிடத்தும் நிற்பதே இவ்வேக்கத்தின் ஆழம்.

எனினும், பழையன யாவும் நிறைவுடையன அல்ல. நிமிடத்திற்கு 78 முறை சுழன்ற தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடங்களுக்குச் சற்றே மிகுந்த இசைதான் அடங்கும். விரிந்த பாடலும் அதற்குள் ஒடுங்கவேண்டியிருந்தது. 1948இல் அமெரிக்காவில் அறிமுகமான நெடுநேர இசைத்தட்டு, பக்கத்திற்கு இருபது நிமிடங்களுக்கு மேல் இடமளித்தது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் 'வெங்கடேச சுப்ரபாதம்' 1963இல் அவ்வடிவில் வெளிவந்து இல்லந்தோறும் ஒலித்தது. கலையின் அளவைக் கருவியும் வரையறுக்கிறது என்பதை ஏக்கம் மறத்தலாகாது. ஒலிபெருக்கியும் தட்டும் வாங்க இயலாதோர், வானொலி வழியாகவும் கடைவாயிலில் நின்றும் கேட்டனர் என்பதும் மறக்கத்தக்கதன்று.

தமிழுக்கு இசைத்தட்டு ஆற்றிய தனித்தொண்டு ஒன்றுண்டு. 1952இல் வெளிவந்த 'பராசக்தி'யின் உரையாடல் தனியே இசைத்தட்டாகவும் விற்கப்பட்டது. மு. கருணாநிதி எழுதி, சிவாஜி கணேசன் பேசிய அத்தமிழ், காட்சியின் துணையின்றிச் செவிக்கு மட்டுமே வந்தது. மறுமுறை கேட்க விரும்பியவர் எழுந்து சென்று ஊசியை மீண்டும் வைத்தாக வேண்டும். அச்சிறு முயற்சியே கவனத்தை வளர்த்தது. சொல்லின் நிறுத்தமும் ஏற்ற இறக்கமும் லகர ழகர வேறுபாடும் நாவில் படிந்தன. பாடல் தட்டிலோ, பாடியவர், இசையமைத்தவர் பெயர்களுடன் கவிஞர் பெயரும் பெரும்பாலும் அச்சிடப்பட்டிருந்தது. பாட்டைக் கேட்டவர் அதை யாத்தவரையும் அறிந்தார்.

இன்று இசைத்தட்டு மீண்டும் விலைபோகிறது. அமெரிக்காவில் 2022ஆம் ஆண்டில், 1987க்குப் பின் முதன்முறையாக, அதன் விற்பனை எண்ணிக்கை குறுந்தட்டை விஞ்சியது. வாங்கும் வழக்கம் மீண்டுவிட்டது. கேட்கும் வழக்கம் மீண்டதா என்பதே வினா. ஆயிரம் பாடல்களைக் கைப்பேசியில் வைத்திருக்கும் மாணவர், அவற்றுள் ஒன்றை இயற்றிய கவிஞரின் பெயரைக் கூற இயலாது திகைப்பாராயின், உண்மையான இழப்பு அங்கேதான் உள்ளது.

வள்ளுவர் கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஒரு பாடலை வகுப்பறையில் மும்முறை ஒலிக்கச் செய்து, அதன் சொல்லையும் சொன்னவரையும் வினவும் ஆசிரியர், மூடிய கடையின் பயனை மீட்டுத் தருகிறார். நினைவேக்க எழுத்தும் அப்பணியில் துணைநிற்குமாயின், அதுவே அதற்குப் பெருமை.