கட்டங்களுக்குள் ஒரு வாதம்

புள்ளிவிவர அட்டவணையை யாரும் ரசிப்பதற்காகத் திறப்பதில்லை. அறிக்கையின் கடைசியில் பின்னிணைப்பாகக் கிடக்கும். வாசிப்பவரின் கண் அதைத் தாண்டிப் போய்விடும். ஆனால் தேர்ந்த கையில் உருவான அட்டவணை ஒரு வாதம். எதை நிரையில் வைப்பது, எதை நிரலில் வைப்பது, எந்த எண்ணுக்கு எந்த எண்ணை அண்டை வீடாக்குவது என்ற ஒவ்வொரு முடிவும் ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுக்கிறது. வேறு சிலவற்றைக் கைவிடுகிறது. டைட்டானிக் கப்பல் மூழ்கியதை விசாரித்து, மெர்சி பிரபு 1912 ஜூலையில் பிரிட்டிஷ் அரசுக்கு அளித்த அறிக்கையின் கணக்கு இதற்கு நல்ல சான்று. கப்பலில் இருந்தவர்கள் 2,201 பேர், பிழைத்தவர்கள் 711 பேர் என்கிறது அது. அவர்களை வகுப்பு, பால், வயது என மூன்று வழிகளில் பிரித்தும் தருகிறது.

முதலில் வகுப்பை மட்டும் வைத்து அடுக்கிப் பார்க்கலாம். முதல் வகுப்பில் 325 பேரில் 203, இரண்டாம் வகுப்பில் 285 பேரில் 118, மூன்றாம் வகுப்பில் 706 பேரில் 178, ஊழியர்கள் 885 பேரில் 212 பேர் பிழைத்தார்கள். சதவீதத்தில் 62, 41, 25, 24. பயணச்சீட்டின் விலை ஏற ஏற உயிருக்கு உத்தரவாதமும் ஏறியது என்று முடித்துவிடத் தோன்றும். கூர்மையான வாசகர் இங்கே குறுக்கிடுவார்: படகில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் முதலிடம் தந்தார்கள், மூன்றாம் வகுப்பிலோ 462 பேர் வளர்ந்த ஆண்கள், ஆகவே இந்த வித்தியாசம் வகுப்பால் வந்ததா, ஆண்கள் மிகுதியாக இருந்ததால் வந்ததா? ஒற்றை நிரல் இதற்குப் பதில் சொல்லாது. வகுப்பை நிரையிலும் பாலை நிரலிலும் வைத்துக் குறுக்கே வெட்டினால்தான் பதில் கிடைக்கும். வளர்ந்த பெண்களில் பிழைத்தவர்கள் வகுப்பு வரிசையில் 97, 86, 46 சதவீதம். ஆக, பெண்களுக்குள்ளேயே வகுப்பு வேலை செய்திருக்கிறது. ஆண்களின் நிரலோ 33, 8, 16 என்று போகிறது. ஏணி நடுவில் முறிகிறது: இரண்டாம் வகுப்பு ஆண்கள் 168 பேரில் 14 பேர்தான் கரை சேர்ந்தார்கள்; மூன்றாம் வகுப்பு ஆண்களைவிட அவர்கள் கதி மோசம். மூன்றாம் வகுப்புப் பெண்களோ முதல் வகுப்பு ஆண்களைவிட அதிக விகிதத்தில் பிழைத்திருக்கிறார்கள். வகுப்பு, பால் இரண்டுமே அன்றிரவு இயங்கின என்பதையும், எது எங்கே வென்றது என்பதையும் ஆறே கட்டங்கள் சொல்லிவிடுகின்றன.

கைத்திறன் நுணுக்கங்களில் வெளிப்படுகிறது. அறிக்கை முதல் வகுப்பு ஆண்களின் பிழைப்பு விகிதத்தை 32.57 என்று தருகிறது. 175 பேர் கொண்ட குழுவில் ஒரே ஒருவர் கூடினாலோ குறைந்தாலோ அரை சதவீதத்துக்கு மேல் மாறிவிடும். அங்கே இரண்டாம் தசம இலக்கத்துக்கு என்ன வேலை? 33 என்று முழுதாக்கினால்தான் பக்கத்து எட்டோடும் பதினாறோடும் மனம் ஒப்பிடும். ஆண்ட்ரூ எரன்பர்க் என்ற புள்ளியியலாளர் 1977-இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் வலியுறுத்தினார்: எண்களைத் துணிந்து சுருக்குங்கள், ஒப்பிட வேண்டியவற்றை நிரலில் மேலும் கீழுமாக வையுங்கள், அகர வரிசையை விட்டு அளவு வரிசையில் அடுக்குங்கள்.

அடுக்குகிறவர் நினைத்தால் ஏமாற்றவும் முடியுமே என்று கேட்கலாம். முடியும். பிழைத்தவர்களில் எந்த வகுப்பினர் எவ்வளவு என்று சதவீதத்தின் திசையைத் திருப்பினால் முதல் வகுப்பு 29, மூன்றாம் வகுப்பு 25. அநீதி ஏறக்குறைய மறைந்தே போகிறது. எண் எதுவும் பொய்யில்லை, கேள்விதான் மாறிவிட்டது. ஆனால் மொத்தமும் பிழைத்தவர் தொகையும் பக்கத்தில் இருந்தால் வாசகரே திசையைத் திருத்திக்கொள்ளலாம். வரைபடம் இதைவிட விரைவாகப் பேசும் என்பதும் உண்மைதான். வடிவத்தைக் காட்ட அதற்கு நிகரில்லை. ஆயினும் வரைந்தவர் கேட்ட கேள்வியோடு அது நின்றுவிடுகிறது. அட்டவணையிலிருந்து நம் கணக்கை நாமே போட்டுக்கொள்ளலாம். கட்டங்கள் மனிதர்களை வெறும் எண்ணாக்குகின்றன என்ற குறை இன்னும் கனமானது. முதல் வகுப்புக் குழந்தைகள் ஆறு பேரும் பிழைத்ததாக அறிக்கை சொல்கிறது. அந்த வகுப்பில் சென்ற இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி பிழைக்கவில்லை. பலர் இறந்தார்கள் என்று உருக்கமாக எழுதிய வாக்கியத்தில் இந்தப் பிழையைப் பிடிக்க வழியே இல்லை. ஆறுக்கு ஆறு என்று துணிந்து சொன்ன கட்டத்தில்தான் ஓர் உயிர் விடுபட்டது தெரிகிறது.

மூன்றாம் வகுப்பினருக்குப் பாரபட்சம் காட்டப்படவில்லை என்றே மெர்சி முடிவு செய்தார். மூட்டை முடிச்சுகளை விட்டுவர அவர்களுக்கு மனமில்லை, கப்பலின் இரு கோடிகளிலும் இருந்த அவர்களின் இருப்பிடத்திலிருந்து மேல்தளத்துக்கு வருவது கடினம் என்று காரணமும் சொன்னார். அவருடைய எண்கள் அதை நிரூபிக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. ஏன் என்ற கேள்விக்கு இந்தக் கட்டங்களில் இடமில்லை. ஆனால் 97-க்கும் 46-க்கும் இடையிலான தூரத்தை எந்த விளக்கமும் கணக்கில் கொண்டாக வேண்டும் என்று அவை வற்புறுத்துகின்றன. தொகுத்தவரின் முடிவை ஏற்காதவரும் அவருடைய எண்களைக் கொண்டே வாதாட முடிகிறதே, அட்டவணைக் கலையின் நேர்மைக்கு அதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.